முடிச்சவிழ்த்த கனவான்கள்

பட்... பட்... படபடபட்.

கடுகு வெடிப்பது போலத் தொடங்கி, தகரக் கூரையில் கோடை மழை இறங்குவது போல முடிகிற சத்தம். போன வாரம் மனைவியோடு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர்கள் இரண்டு பேர் ஒரு சுங்குடிச் சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். துணியில் போட்டிருந்த நூல் கட்டுகள் வரிசையாகத் தெறித்தன. சுருங்கிக் கிடந்த சேலை மூச்சு விட்டு அகன்றது. கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். மனைவி ‘அடடா’ என்றாள். நான் வெளியே வந்து ஒரு சோடா குடித்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சுங்குடிக்குத் துணியை நகக்கண் அளவு கிள்ளிக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் புள்ளி. கையால் கட்டியதுதான் என்று காட்டுவதற்காகச் சில கடைகளில் கட்டோடேயே வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் கண்ணெதிரே இழுத்து அவிழ்ப்பார்கள். மதுரையில் பிறந்தவன் கட்டோடு கிடக்கிற துணியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டான். கை ஊறும்.

அந்த ஊறல் ஒரு நல்ல காரியத்தைக் கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். கொலை நடந்த இடம், கலை வளர்க்கும் சபை ஒன்றின் மண்டபம். சபையின் பெயர் வேண்டாம். இன்னமும் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

படுதா கேட்டு வந்தவர்

எழுபதுகளின் பின்பாதி. பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவன். மழைக்காக அண்ணாந்து பார்த்தே கழுத்து நீண்டுபோன வம்சம். பகலில் ரிவிட்டு, ரெக்ஸின், பெயிண்ட் டப்பா. மற்ற நேரத்தில் வசன கவிதை. இரண்டுக்கும் கொஞ்சம் தின்னர் வாசனை இருந்தது.

அந்தக் காலத்து டவுன் பஸ்ஸுக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. மழை வந்தால் இறக்கிவிட ஜன்னலுக்கு மேலே கித்தான் படுதா சுருட்டிக் கட்டியிருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் போகிற மேற்குத் தடத்தில் மழை எங்கே வந்தது? வெயிலைத் தடுக்கத்தான் இறக்குவார்கள். வருஷக்கணக்காக வெயில் குடித்து, வெற்றிலை எச்சில் வாங்கி, கிடா முதுகு உரசி, காதலர் பெயர்களைப் பேனாவில் தாங்கி, கடைசியில் எங்கள் பட்டறை மூலையில் மலையாகக் கிடக்கும்.

அந்த மலைக்கு முன்னால் ஒரு நாள் ஓர் அம்மாள் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். வெயிலில் வந்த முகம், தோளில் துணிப்பை.

“பழைய படுதா வேணும்.”

எங்கள் ஊர்ப் பக்கத்து மேஸ்திரி ராசுவண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “எம்புட்டு வேணும்?”

“எம்புட்டு இருக்கு?”

ராசுவண்ணன் என்னைப் பார்த்தார். “மாப்ள, அளந்து குடு. வீட்டுக்குக் கூரை போடப் போறாக போல.”

“கூரை இல்ல. செவுத்துல மாட்ட.”

“இதயா? எச்சியோடவா?”

“எச்சி இருக்கிறதா பாத்துக் குடுங்க.”

ராசுவண்ணன் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார். சில சமயங்களில் அதுதான் அறிவாளி செய்யக்கூடிய காரியம்.

அப்படித்தான் சுபத்ரா டீச்சர் எனக்குப் பழக்கம். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மகால் பக்கத்துச் சந்தில் வீடு. சாயமும் தறியும் பரம்பரையாக இருந்த சௌராஷ்டிரக் குடும்பம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், மாமாக்கள். மூன்று அறைக்குள் ஒரு தெரு வாழ்ந்தது.

எல்லாவற்றையும் மடித்து வைக்கிற வீடு

அவர் செய்துகொண்டிருந்ததற்கு அன்றைய மதுரையில் பெயர் கிடையாது. தேர்தல் முடிந்து கிழிந்து தொங்கும் கொடித் துணி, டெய்லர் கடை வெட்டுத் துண்டு, பஞ்சரான சைக்கிள் ட்யூப், தியேட்டர் ஆபரேட்டர் தூக்கிப் போட்ட ஃபிலிம் துணுக்கு, சாயம் சரியாகப் பிடிக்காமல் வீட்டிலேயே ஒதுக்கிவிட்ட சேலை, சோடா மூடி. எல்லாவற்றையும் தைப்பார், ஒட்டுவார், பிய்ப்பார், மறுபடி தைப்பார். ஓர் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று எழுந்து நிற்கும். பார்த்தால் நகரத் தோன்றாது. ஏன் என்று சொல்லத் தெரியாது.

“இது என்னங்க டீச்சர்?” என்று முதல் தடவை கேட்டேன்.

“துணி.”

“இல்ல... என்ன சொல்ல வருது?”

“துணி என்னைக்கு தம்பி பேசுச்சு?”

வீட்டில் யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. அப்படிச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பார். அவர்கள் உதவி செய்தார்கள். அதுதான் தொல்லை. பாதி தைத்ததைப் பரத்திப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனால், திரும்பி வரும்போது அது மடித்துப் பெட்டிக்குள் இருக்கும். ஃபிலிம் துணுக்குகளைப் பிள்ளைகள் சரமாகக் கோத்து வாசலில் கட்டியிருப்பார்கள். ஒரு முறை மூன்று மாத வேலையை அண்ணி அழுக்கு என்று நினைத்து, பாவம், சவுக்காரம் போட்டு அலசிக் கொடியில் காயப் போட்டிருந்தார். கிளிப் வேறு.

டீச்சர் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் ஏதோ ஒன்று சொன்னார். தமிழில் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“தமிழுக்கு அந்த அளவு பொறுமை கிடையாது” என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. போட்டது போட்டபடி கிடக்கிற ஓர் அறை. மதுரையில் ஒற்றைப் பெண்பிள்ளைக்குத் தனி அறை வாடகைக்குக் கேட்டால், வீட்டுக்காரர் அறையைப் பார்க்கமாட்டார், பெண்பிள்ளையைத்தான் பார்ப்பார். இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

சபையும் அதன் மூன்று பிரிவுகளும்

அந்த நேரத்தில் சபை ஒரு கண்காட்சி அறிவித்தது. சென்னையிலிருந்து நிபுணர் ஒருவர் வருகிறார், பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், அந்த ஒருவருக்குச் சென்னைக்கு வெளியே கலைஞர்களுக்கான வேலைக்கூடம் ஒன்றில் ஓராண்டு தனி அறை. டீச்சர் அந்தத் துண்டறிக்கையில் ‘தனி அறை’ என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே நகத்தால் கோடு கிழித்து வைத்திருந்தார்.

சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயலாளர் ஜரிகைத் துண்டும் சந்தனப் பொட்டுமாக இருப்பார். எந்தப் படத்தின் முன்னாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, ‘ம்ம்’ என்பார். கலையைப் பற்றி அவரிடமிருந்த மொத்த இருப்பு அந்தத் தலைச் சாய்வுதான். அதை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டினார்.

கண்காட்சியில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவு ஓவியம். குடம் சுமக்கும் பெண், குடத்தை இறக்கி வைத்த பெண், குடத்தைப் பற்றி யோசிக்கும் பெண். பின்னால் தவறாமல் கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் தவறாமல் சூரியன். எங்கள் ஊர்ச் சூரியன் நெற்றியில் அடிக்கிற சூரியன். இவர்கள் வரைந்ததோ பல்லில்லாத ஆரஞ்சு மிட்டாய். இரண்டாம் பிரிவு சிற்பம். அதில் பெரும்பாலும் யானை. மூன்றாவது, ‘மகளிர் கைவேலை’. கம்பளிக் கிளி, ஒயர் கூடை, பாசிமணிப் பிள்ளையார்.

டீச்சரின் படுதாவை எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். கிளிக்கும் கூடைக்கும் நடுவில்.

“நியாயந்தான” என்றார் டீச்சர். “நான் மகளிர். இது கை வச்சு செஞ்சது.”

எனக்குத்தான் கொதித்தது. கவிதை எழுதுகிறவனுக்குக் கொதிப்பது சுலபம். அடுப்பு கூட வேண்டாம்.

மேற்குத் தடம்

கண்காட்சிக்காக அவர் செய்ததை முடிந்தமட்டும் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லில் வராது, இருந்தாலும்.

உசிலம்பட்டித் தடத்தில் ஓடின நாலைந்து படுதாக்களை நெட்டுக்குத்தாக இணைத்திருந்தார். காய்ந்த செவலையும் சாம்பலுமாக, தரிசு நிலத்தை அப்படியே உரித்துத் தொங்கவிட்டது போல இருக்கும். எச்சில் கறை அப்படியே. ‘பஞ்சு – மாயக்காள்’ என்று யாரோ கிறுக்கினது அப்படியே. அதன் மேல் முழுச் சேலை நீளத்துக்குச் சுங்குடித் துணி. கட்டினது, சாயம் முக்கினது, காய வைத்தது. அவிழ்க்கவில்லை. அவிழ்க்கக் கூடாது என்பதுதான் வேலையே.

ஆறேழு மாதம் கட்டினார். வரிசை கிடையாது, கோலம் கிடையாது. ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் சிதறி. அகலத் துணி பாதியாகச் சுருங்கி, பாகற்காய் மேல்தோல் போலக் குண்டும் குழியுமாக எழும்பி நின்றது. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிழல். காட்டில் நிற்கிற ஜனம் போல. சிலிர்த்த மாட்டுத் தோல் போல. மழை விழுந்த முதல் நொடியில் புழுதி குண்டு குண்டாகத் திரளுமே, அது போல.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். “எழுதி வச்சுக்கங்க தம்பி, உங்களுக்கு ஆகும்” என்றார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் நானும் ராசுவண்ணனும் அதைச் சுருட்டி, தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய் மண்டபத்தில் மாட்டினோம். ராசுவண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, தள்ளி நின்று, வெகுநேரம் பார்த்தார்.

“என்னண்ணே?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மாப்ள. நம்ம ஊருக்குப் போகணும் போல இருக்கு. போனா ஒண்ணுமில்ல அங்க. இருந்தாலும்.”

மதுரையில் அந்த வேலைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

உதவி

மறுநாள் காலை டீச்சரும் நானும் மண்டபத்துக்குப் போனபோது வாசலில் ஏதோ ஒன்றின் மேல் கால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டடி வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பஞ்சு – மாயக்காள்.

படுதாவைக் கால்மிதியாகப் போட்டிருந்தார்கள்.

சுவரில் ஒரு சேலை தொங்கியது. பளபளவென்று, விறைப்பாக, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு, இரட்டை அகலத்தில். தரையெங்கும் நெல் உமி சிந்தியது போல அறுந்த நூல் வளையங்கள். ஒருவர் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார்.

செயலாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“வாங்க டீச்சர், வாங்க! நல்லவேளை நான் பாத்தேன். கட்டே அவுக்காம கொண்டாந்து மாட்டிட்டீகளே! அவசரத்துல மறந்துட்டீக போல.”

பக்கத்தில் அவருடைய மைத்துனர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். “நானும் மச்சானும்தான் இழுத்தோம். என்னா கட்டுங்க டீச்சர்! ஒவ்வொண்ணும் வெடி மாதிரில்ல தெறிச்சுச்சு. மச்சான் ஒருவாட்டி பின்னாடியே உக்காந்துட்டாரு.”

“அத விடு மாப்ள” என்றார் செயலாளர். “வாசல்ல இஸ்திரி வண்டிக்காரன் நின்னான், கூப்புட்டு ஒரு தேய் தேச்சாச்சு. கசங்கல் எங்கயாச்சும் இருக்கா, பாருங்க. பின்னாடி ஏதோ அழுக்குக் கித்தான் வச்சுத் தச்சிருந்தீகள்ல, அதையும் பிரிச்சு எடுத்துட்டோம்.”

இன்றைக்கும் யோசிக்கிறேன். இதே வேலையைத் திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ மாட்டியிருந்தால், என்னவோ ஏதோவென்று விட்டிருப்பார்கள். தெரியாதவன் தொடமாட்டான். எங்கள் ஊரில் எல்லாருக்கும் துணி தெரியும். கட்டு என்று இருந்தால் அவிழ்க்க வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் ஒரு நூலிழைகூடத் தெரியாது. அந்த அரைகுறைத் தெரிதலுக்குச் சந்தனப் பொட்டு வைத்தால் அதுதான் எங்கள் செயலாளர்.

டீச்சர் குனிந்து ஒரு நூல் வளையத்தை எடுத்தார். விரலில் வைத்துப் பார்த்தார். பிறகு கூட்டுகிறவருக்கு வசதியாகக் காலை நகர்த்திக்கொண்டார்.

“நல்லா இழுத்திருக்கீங்க” என்றார்.

“அட, இதுல என்ன இருக்கு!” என்றார் செயலாளர். மனம் நிறைந்து சொன்னார். அதுதான் என்னால் இன்னும் மன்னிக்க முடியாதது.

பிரபஞ்சத்தைக் கண்டவர்

நிபுணர் வந்தார். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, நாலு நாள் தாடி. குடங்களைக் கடந்தார். யானைகளைக் கடந்தார். ஒயர் கூடைக்குப் பக்கத்தில் நின்றார்.

செயலாளருக்கு வேர்த்தது. “புள்ளி கொஞ்சம் தாறுமாறா இருக்குதுங்க. அவங்க டீச்சருங்க, தொழில்காரங்க இல்ல...”

நிபுணர் கை காட்டி நிறுத்தினார். கண்ணை மூடினார், திறந்தார். “இந்தத் தாறுமாறுதான் நவீனம்! மரபு தன் ஒழுங்கைத் தானே கலைத்துக்கொள்கிற கணம்! இது சேலை அல்ல. இது நட்சத்திர மண்டலம். பிரபஞ்சம்!”

செயலாளரின் தலை உடனே இடப்பக்கம் சாய்ந்தது. ‘ம்ம்.’

“அம்மா, இந்தப் பிரபஞ்சத்தை எங்கே கண்டீர்கள்?”

மண்டபமே டீச்சரைப் பார்த்தது. இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ‘இது என் வேலை இல்லை, இது இந்த இரண்டு கனவான்கள் இழுத்து நாசமாக்கிய மிச்சம்.’ அந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் எழுதித் திருத்தியும் விட்டேன்.

“சாயத் தொட்டியிலங்க” என்றார் டீச்சர்.

நிபுணர் சிலிர்த்துப்போனார். அதைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடினார். “இவரைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்” என்று அங்கேயே அறிவித்தார். கைதட்டல். மைத்துனர்தான் அதிகம் தட்டினார்.

“ரூம் எப்பங்க காலியாகும்?” என்று கேட்டார் டீச்சர்.

மாலையில் செயலாளர் மேடையேறி, கடைசி நேரத்தில் தன் பார்வை படாமல் போயிருந்தால் இந்தப் பிரபஞ்சம் முடிச்சோடு கிடந்திருக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் கால்மிதியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே பழங்காநத்தம் போனேன். கோபத்தில் ஒரு நீளமான வசன கவிதை எழுதி, ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். வெளியானது. அச்சுக் கோத்தவர் படித்திருப்பார்.

ஸ்டேஷன்

டீச்சரோடு நான் சரியாகப் பேசவில்லை. அவர் வளைந்துவிட்டார் என்று எனக்கு ஆற்றாமை. அந்த வயதில் மற்றவர்கள் முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே எனக்கு முழுநேர வேலை.

இருந்தாலும் சென்னை வண்டிக்கு அவர் கிளம்பின சாயங்காலம் படுதாச் சுருளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். டீச்சர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். சுருளை வாங்கி சீட்டுக்குக் கீழே தள்ளினார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?”

“கேக்காம விடவா போறீங்க. பதினஞ்சு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுறீங்க.”

“அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, அது உங்க வேலை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லி?”

“சொல்லின்னா... உங்களுக்குக் கோவமே வரலையா?”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். செயலாளரைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“கோவிச்சுக்க எதிர்ல ஒரு ஆள் வேணும் தம்பி. அங்க யாரு இருந்தா? அந்த ஜிப்பாக்காரரு பாராட்டுறத வேண்டாம்னு சொல்லணும்னா, அத மொதல்ல நான் வாங்கிக்கிட்டிருக்கணும். நான் வாங்கவே இல்ல. ரூம மட்டுந்தான் வாங்குனேன்.”

தூரத்தில் அண்ணன் கூஜாவோடு ஓடி வந்துகொண்டிருந்தார். வண்டி ஊதியது.

“கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா உண்டான்னு எழுதிக் கேட்டிருந்தேன்” என்றார் டீச்சர். “உண்டாம்.”

“போயிட்டு வாங்க டீச்சர்.”

“போறேன் தம்பி.”